வற்றிய கிணற்றிலிருந்து அமைச்சர் விடுத்த ஓலை

திரு வளர்க. மழை பிழையாத குறும்பனை நாட்டின் கோமான், பசித்தவன் கொட்டாவி விடுமுன் கஞ்சி அனுப்பும் கருணைக்கடல், தண்கோடை வேளின் திருமுன், பணி ஓய்ந்த தலைமையமைச்சன் பூவன் நள்ளி, தன் வீட்டு வற்றிய கிணற்றின் அடியில் சுகமாய் அமர்ந்து விடுக்கும் ஓலை.

அரசே, எல்லாவற்றையும் அரண்மனையே செய்து கொடுப்பதால் குடிமக்கள் அண்டை வீட்டாரை மறந்துவிட்டனர் என்று அவையோர் முறையிடுவதாகச் சொல்லி, உதவி வழங்கும் அறத்துறைகளைக் கலைத்துவிடலாமா என்று அடியேனைக் கேட்டருளினீர்கள். விடை தேடி வானத்தைப் பார்த்தபடி நடந்தேன்; கிணற்றில் விழுந்தேன். எலும்புக்குச் சேதமில்லை. ஆண்டுதோறும் தாங்கள் வழங்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை வைக்க இடமின்றி, இக்கோடையில் கிணறு வற்றியதும் இதற்குள்தான் போட்டு வைத்திருந்தேன்.

ஓசை கேட்டு ஊரே ஓடிவந்தது. ஒருவர் கையிலும் கயிறில்லை. வீழ்ந்தோர் மீட்புத்துறை இருக்கப் பிறர் தூக்கிவிடுவது அரசரை அவமதிப்பதாகும் என்று நானே இயற்றிய ஆணையை, அடுத்த வீட்டுக் கீரந்தை விளிம்பில் நின்று எனக்கே ஓதினார். என் ஆடு அவர் அவரைப்பந்தலைத் தின்ற நாள்முதல் என் நிழலைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவர் அவர்.

முன்னாளென்றால் தூக்கிவிட்டிருப்பார், தூக்கிய கதையைப் போகிற வீடெல்லாம் சொல்லிச் சொல்லி, நானே மறுபடி கிணற்றில் குதிக்கும்படி செய்திருப்பார். இப்போதோ தூக்கும் கடன் அவருக்கில்லை, நன்றிக்கடன் எனக்கில்லை. ஆகவே உட்கார்ந்தார். ஆட்டைப் பற்றிப் பேச்செடுத்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். கூடையில் பணியாரம் இறங்கியது. ஊராரும் பாய் விரித்தனர். கிணற்றைச் சுற்றிச் சந்தை கூடி, திருமணங்கள் நிச்சயமாகி, தேரோட்டத்துக்கும் நாள் குறித்தாயிற்று என்றால் மிகையென்று எண்ணற்க.

பிறகு மீட்புத்துறையார் யானையோடு வந்தனர். விழுந்தவர் இன்னாரென்று அண்டை வீட்டார் உறுதி கூறினாலன்றிக் கயிறு விடலாகாது. அதுவும் நான் இயற்றிய விதியே. கீரந்தை எட்டிப் பார்த்தார். இப்படியோர் ஆளைத் தாம் கண்டதே இல்லை என்றும், ஆனால் பேச்சுத்துணைக்குத் தங்கமான மனிதர் என்றும், இருக்கிற இடத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் உரைத்தார். யானை திரும்பிப் போயிற்று.

ஆதலின் துறைகளைக் கலைக்க வேண்டாம். கலைத்தால் கீரந்தை என்னைத் தூக்கிவிடுவார். மறுநாளே இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். உறுதிமொழி விதியை மட்டும் நீக்கியருள்க, அதுவும் விரைந்து. தங்கள் நாட்டில் மழை பிழைப்பதில்லை. மெத்தைகள் இப்போதே அடியில் ஈரம் காண்கின்றன.

அரக்கில்லாமையால் பணியாரத்து வெல்லப்பாகில் முத்திரை பதித்தேன். எறும்புகள் முந்திக்கொள்ளுமுன் பிரித்தருள்க. விதியை நீக்க அவை கூடித் தாமதமாகுமெனில், கீரந்தையையும் இக்கிணற்றில் இறக்கிவைக்க ஆணையிட்டருள்க. நீர் கணுக்கால் ஏறும்போது அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிடும்.