உங்கள் பை நனைந்துவிட்டது, மதினி

மதினி,

உங்கள் காக்கிப் பை எங்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிறது. மூன்று நாள் வெயில் பட்டும் அதிலிருந்து நீச்சல் குளத்து மருந்து வாசனை இன்னும் போகவில்லை. நாற்பது வருடம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத பை எப்படி நனைந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எதைச் சொல்ல வந்தாலும் "பிள்ளைக சேதிய மொதல்ல சொல்லு" என்பீர்கள். ஆகவே அதை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பேத்தி கயல் பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூட வாசலில் அவள் படத்தைப் பெரிய தட்டியாக வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போய் வந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா பார்க்கத்தான். என் பேத்தி தேன்மொழி மதுரையில் பிசியோதெரபி மூன்றாம் வருடம். என் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, "அப்பத்தா, இதுல பாதி தேய்மானம், பாதி சோம்பேறித்தனம்" என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். அவள் தம்பி முகிலன் மூன்றாம் வகுப்பு. மாறுவேடப் போட்டியில் கலங்கரை விளக்காக நின்று முதல் பரிசு வாங்கினான். தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நின்றானாம். வீட்டில் அவன் ஒரு நிமிடம் அப்படி நின்று நாங்கள் பார்த்ததில்லை.

கயல் நூறு வாங்கினால் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதாக உங்கள் மகன் வாக்குக் கொடுத்திருந்தான். வாங்க மாட்டாள் என்று நினைத்துக் கொடுத்த வாக்கு. மதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அந்தப் பூங்கா. இரண்டு வீட்டிலும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், ஒரு வேன். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "ராமேஸ்வரத்துக்காரக அலை பாக்க மதுரைக்குப் போறீகளாக்கும்?"

"கடல்ல சறுக்குமரம் இல்லையே" என்றேன்.

பயணத்துக்கு யார் ஏற்பாடு என்று பேச்சு வந்தபோது நான்தான் முந்திக்கொண்டேன். உங்கள் தபால் கார்டுகளை எழுதிய கை அல்லவா. நீங்கள் வாழ்க்கைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் பிறந்த ஊர்ச் சனம் தீர்த்தமாட வந்துகொண்டே இருக்கும். வருகிறோம் என்று எழுதியவர்களுக்கெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல நான் பதில் கார்டு எழுதுவேன். அஞ்சாவது படித்தவள் என்று வீட்டில் எனக்கு மரியாதை கிடைத்தது அந்த ஒரு காரியத்தில்தான்.

"எழுதுத்தா. மாத்துத்துணிய ஆளுக்கொரு மூட்டையாக் கட்டி, மேல பேரு எழுதிக்கிறணும். மொத்தமாக் கட்டுனா ஒருத்தி ரவிக்கையத் தேடுறதுக்குள்ள ஒம்போது பேரு நடுங்குவாக. எழுதிட்டியா? ஈரத்துணிக்குத் தனிப் பை. நகைய வீட்டுல வச்சுட்டு வரணும். கழுத்து வெறுமையா இருந்தா சாமிக்கு அடையாளம் தெரியாமப் போயிராது. கடைசியா இத எழுது. கூட்டத்துல ஒரு ஆளு காஞ்ச ஆளா நிக்கணும். எல்லாரும் நனைஞ்சுட்டா துண்டெடுத்துக் குடுக்கக் காஞ்ச கை வேணும்ல."

அந்தக் காய்ந்த ஆள் எப்போதும் நீங்கள்தான். கடலில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் வாங்கிக்கொண்டு நாங்கள் நடுங்கி வரும்போது, மடியில் காக்கிப் பையோடு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். பேர் பார்த்து மூட்டையை எடுத்து நீட்டுவீர்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் "எம் பேருக்கும் ஒரு முழுக்குப் போட்டுட்டு வா" என்பீர்கள். அவ்வளவு பேரும் உங்கள் பேருக்கு முழுகியிருக்கிறோம், நீங்கள் முழுகவில்லை. நாற்பது வருடம் இந்த ஊரில் வாழ்ந்தும் இருபத்திரண்டையும் ஒரு நாளும் ஆடவில்லை. கேட்டால், "பக்கத்துல இருக்குற கெணறு எங்கத்தா போயிரும்" என்பீர்கள்.

ஒரு தடவை நான் வாக்குக் கொடுத்தேன். "மதினி, அடுத்த தடவை பைய நான் பிடிக்கிறேன், நீங்க குளிங்க." அந்த அடுத்த தடவை வந்தது. என் சம்பந்தி வீட்டார் வந்த பரபரப்பில் நானும் அவர்களோடு உள்ளே போய்விட்டேன். சொட்டச் சொட்ட வெளியே வந்து உங்களைப் பையோடு பார்த்தபோதுதான் நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் துண்டை நீட்டி, "அடுத்த தடவைக்கும் அடுத்த தடவை இருக்குல்ல" என்று சிரித்தீர்கள். அது இல்லாமல் போயிற்று. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. கொடுத்த வாக்கு மட்டும் என்னிடமே இருக்கிறது.

அதனால் இந்தத் தடவை பை என் மடியில்தான் என்று முடிவு செய்துகொண்டேன். உங்கள் மகனிடம் கேட்டு அந்தப் பையை வாங்கினேன். பதினோரு மூட்டை கட்டி, பதினோரு சீட்டில் பேர் எழுதினேன். காய்ந்த ஆளுக்கு மூட்டை எதற்கு? குழந்தைகளின் முன்கையில் பேனாவால் போன் நம்பர் எழுதினேன். போன்களுக்கு வாயை இறுக்குகிற பிளாஸ்டிக் உறை வாங்கினேன். செவ்வாய்க்கிழமை புறப்படலாம் என்றதும் என் மகன் முகத்தைச் சுளித்தான்.

"செவ்வாய்க்கெழமையாம்மா?"

"உன்னைய மாதிரி எல்லாரும் யோசிப்பாகல்ல. அதான் அன்னைக்குக் கூட்டம் இருக்காது."

இருக்கவில்லை. டிக்கெட்டைத் தேன்மொழி முன்னாடியே போனில் எடுத்துவிட்டாள். வாசல் திறக்கும்போதே நின்றோம். இதுவரை உங்கள் பேரைக் காப்பாற்றினேன். இதற்குப் பிறகு இரண்டு தப்பு செய்தேன்.

முதல் தப்பு சோறு. பெரிய தூக்கில் புளியோதரையும் அவித்த முட்டையும் கொண்டு போயிருந்தேன். வாசலில் பையைச் சோதித்த பெண், "வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டோம்மா" என்றாள். போகிற இடத்துச் சட்டத்தைப் புறப்படும் முன்னே கேட்டிருக்க வேண்டும். உங்கள் கார்டில் அப்படி ஒரு வரி இல்லை. எந்த வாசலில் என்ன சட்டம் என்பது உங்களுக்கு மனப்பாடம், எழுத வேண்டி வரவில்லை. பன்னிரண்டு பேரும் வேனுக்குத் திரும்பி, காலை பத்து மணிக்கு மத்தியானச் சோற்றைத் தின்று முடித்தோம்.

இரண்டாவது தப்பைக் கேட்டால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். தேன்மொழியின் போனில் பூங்காவின் படத்தைப் பார்த்து, தண்ணீர் விளையாட்டுகளுக்கெல்லாம் வரிசையாக எண் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது, ஒவ்வொன்றும் ஒரே தடவை. தீர்த்தமாடிய புத்தி, வேறென்ன. எண் ஒன்று, சின்னக் குழந்தைகள் நிற்கிற குளம். நடுவில் சிமெண்டில் ஒரு பெரிய காளான், அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. என்னைத் தவிர்த்த பதினோரு பேரும் வரிசையில் நின்று, ஆளுக்கொரு தடவை தலையை நீட்டி நனைந்துவிட்டு நகர்ந்தார்கள். தலையில் தண்ணீர் விழுந்ததும் உங்கள் மகன் பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். அங்கே நின்ற பணியாளர் பக்கத்தில் வந்து, "என்ன சார், வேண்டுதலா?" என்று கேட்டார்.

மூன்றாவது எண்ணிலேயே பிள்ளைகள் கலகம் செய்தார்கள். பெரிய சறுக்கில் முகிலன் நான்கு தடவை போய்விட்டான். ஐந்தாவது தடவைக்கு ஓடினான். நான் நோட்டை மூடி வைத்தேன். இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்: பிள்ளைகளுக்குப் பிடித்தது ஒன்று போதும், அதையே திரும்பத் திரும்பப் போகட்டும். அதோடு, வாசல் பக்கத்து விளையாட்டில்தான் கூட்டம் மொய்க்கும், கடைக்கோடியில் ஆளே இருக்காது. பஸ்ஸில் ஏறும்போது "படியிலயே நிக்காத, உள்ள போனா எடம் கெடக்கும்" என்பீர்களே, அது இங்கேயும் சரியாக இருந்தது.

நான் வேப்பமரத்து நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். தொலைந்தால் வந்து சேர வேண்டிய இடமும் அந்த மரம்தான். மருமகள் வந்தாள். "அத்தே, பூட்டுப் போட்ட பெட்டி வாடகைக்குத் தாராக. பைய அதுல வச்சுட்டு நீங்களும் வாங்க."

"பிள்ளை நடுங்கிக்கிட்டு வந்தா பெட்டி எந்திரிச்சு வந்து துவட்டி விடுமா? போ தாயி."

என் மகன் வந்து கூப்பிட்டான். முழங்காலைக் காட்டினேன். தேன்மொழி வந்து பாதி தேய்மானம் என்று ஆரம்பித்தாள், துண்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பை மடியில் கனமாக இருந்தது. உங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன், வாக்கு ஒருவாறு நிறைவேறியது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனம் ஒட்டவில்லை. நீங்கள் குளிக்கத்தானே நான் பை பிடிப்பதாகச் சொன்னேன். நான் பிடித்திருக்கிறேன், குளிக்க நீங்கள் எங்கே?

அப்போது கயல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டு கேட்கவில்லை.

"சின்னப்பத்தா, எந்திரிங்க. பைய நான் பிடிக்கிறேன்."

"ஒனக்காகத்தானடி இம்புட்டுத் தூரம் வந்துருக்கு. போ, போய் விளையாடு."

"எங்கப்பத்தா ஒரு நாளும் நனைஞ்சதே இல்லையாம்ல."

"யாரு சொன்னது?"

"நீங்கதான். வருசா வருசம் அவுக நாளுல இதச் சொல்லித்தான அழுகுறீக. இன்னும் நாப்பது வருசங் கழிச்சு உங்களையச் சொல்லி நான் அழுகணுமா? எனக்கு முடியாது."

"ஒனக்குத் தலை சொட்டுது. நீ எப்பிடிக் காஞ்ச ஆளு?"

"காஞ்சுருவேன். போங்க."

அவள் பையைத் திறந்து உள்ளே கைவிட்டாள். அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தாள். பன்னிரண்டாவது மூட்டை. நான் கட்டியது இல்லை. மேலே சீட்டில் அவள் குண்டுக் கையெழுத்தில் 'சின்னப்பத்தா' என்று எழுதியிருந்தது. பிரித்தால், தண்ணீரில் இறங்குவதற்கென்று வழுவழுப்பாக ஒரு நீல உடுப்பு, முழங்கை மூடி, கணுக்கால் மூடி. கீழே மாற்றுச் சேலை. காலையிலிருந்து என் மூட்டைக்கு நானே காவல் இருந்திருக்கிறேன், மதினி. சேலையோடு சறுக்கில் விடமாட்டார்கள் என்பதை அந்தப் பிள்ளை முன்னாடியே கேட்டு வைத்திருக்கிறாள். சட்டத்தை முதலில் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு பேர் உட்காருகிற ரப்பர் வளையத்தில் தேன்மொழி முன்னால், நான் பின்னால். மேலிருந்து பார்த்தபோது முழங்கால் வலியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. தள்ளிவிட்டார்கள். கீழே வந்து சேர்கிற வரை நான் கத்திய கத்தலில் வேப்பமரத்தடியில் கயல் எழுந்து நின்றுவிட்டாளாம். தண்ணீரிலிருந்து எழுந்ததும் தேன்மொழி, "எப்பிடி அப்பத்தா இருக்கு காலு?" என்றாள்.

"பேசாம வா, இன்னொரு தடவை போகலாம்" என்றேன்.

மூன்று தடவை போனேன். பிறகு கயலை அப்படியே விட மனம் வரவில்லை. உங்கள் மகனைக் கூப்பிட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தேன். "இதுக்கா நான் வந்தேன்?" என்று முணுமுணுத்தான்.

"ஒங்கம்மா நாப்பது வருசம் உக்காந்தாக. நீ ஒரு மணி நேரம் உக்காரு."

பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஒரு மணி கழித்து என் மகன், அடுத்து மருமகள். உங்கள் கார்டில் நான் திருத்துகிற ஒரே வரி இதுதான், மதினி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் ஒரு ஆள் காய்ந்த ஆளாக நிற்க வேண்டும், ஆனால் மணிக்கொரு தடவை ஆளை மாற்ற வேண்டும்.

சாயங்காலம் கடைசியாக அலைக்குளம். சங்கு ஊதினால் சிமெண்டுக் கடலில் அலை அடிக்கிறது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நான் கரையில் நின்று யோசித்தேன். பெஞ்சுக்குப் போய் மருமகளையும் எழுப்பி, மூட்டைகளையெல்லாம் துண்டில் கொட்டி, அந்தப் பூட்டுப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். வெறும் பையோடு தண்ணீரில் இறங்கினேன். கரையில் நின்ற பையன் விசில் ஊதினான்.

"பாட்டி, பை கொண்டு போகக் கூடாது."

"இது பை இல்லப்பா, என் மதினி."

அவன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையும் பையையும் பார்த்தான். "சரி, சீக்கிரம் பாட்டி" என்றான்.

அலை வந்தது. உங்கள் பேரைச் சொல்லி மூன்று முழுக்குப் போட்டேன், பையோடு. மூன்றாவது முழுக்குக்குப் பையில் தண்ணீர் நிறைந்து, தூக்க முடியாமல் கனத்தது. கயலும் ஒரு வாரைப் பிடித்துத் தூக்கினாள். தேன்மொழி உறை போட்ட போனில் அதைப் படம் எடுத்தாள். உங்கள் மகன் அலைத் தண்ணீரை அள்ளி அள்ளி வெகு நேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து பையைக் கொடியில் போட்டேன். தினமும் மாலையில் தொட்டுப் பார்க்கிறேன். ஓரத் தையலில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. காய்ந்த பிறகு அது கயல் வீட்டுக்குப் போகாது, இங்கேயே இருக்கும். அடுத்த பயணத்துக்கும் அதைத்தான் எடுப்பேன், பேர் எழுதிப் பன்னிரண்டு மூட்டையும் நானே கட்டுவேன்.

கயல், நீதான் இதைப் போனில் அடித்து நம் குடும்பக் குரூப்பில் போடப் போகிறாய். உன் அப்பத்தா பையோடு காய்ந்து உட்கார்ந்திருக்கிற அந்தப் பழைய படம்தான் இன்னும் குரூப் முகப்பில் இருக்கிறது. அதை எடுத்துவிடு தாயி. அலைக்குளத்தில் நீயும் நானும் பையைத் தூக்குகிறோமே, அதிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதே, அந்தப் புதுப் படத்தைப் போடு.