இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

நம் பெரிய பேரன் பீன்யா ஃபேக்டரியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். சின்னவன் பி.காம்.மில் வகுப்பிலேயே முதல். இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிடுகிறவள் பேத்திதான். புனேயில் வேலை, சொந்தச் சம்பளத்தில் பெரிய வண்டி, போன மாதம் மலைப்பாதைப் பந்தயத்தில் இரண்டாம் பரிசு. இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. காலையில் புடவை துவைத்தேன். மூன்று தண்ணீர் மாற்றியும் கரையில் ஒட்டிய செம்மண் போகவில்லை. கை ஓய்ந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லீவுக்கு வந்த பேத்தி நேற்று என்னைக் கனகபுரா பக்கம் ஒரு மண்மேட்டுக்குக் கூட்டிப்போனாள். நீங்கள் ஆகாது என்று சொன்ன ஆட்டோமேட்டிக் வண்டியில்.

பாதி மேட்டில் ஆடுகள் குறுக்கே வந்தன. வண்டியை நிறுத்தினாள். மின்கம்பிக் கோபுரம் நடும் கம்பெனிக்கு நீங்கள் ஜீப் ஓட்டின காலத்தில், இதே மாதிரி ஒரு மேட்டில் நின்று, கிளட்ச் கருகி நாறியது ஞாபகம் இருக்கிறதா? "இறங்கி டயருக்குப் பின்னால கல்லு வைடி" என்றீர்கள். வைத்தேன். அந்த வழக்கத்தில் நேற்றும் கதவைத் திறக்கப் போனேன்.

"எங்க ஆயா போற? சும்மா உக்காரு" என்றாள். ஆடுகள் போனதும் வலது காலை மட்டும் அழுத்தினாள். ஒரு சாண்கூடப் பின்னால் போகாமல் வண்டி ஏறிவிட்டது. அவளுடைய இடது கால் ஓரமாகச் சும்மா கிடந்தது. இறக்கத்தில் மட்டும் வண்டி கொஞ்சம் ஓடப் பார்த்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். அந்த விஷயத்தில், கியரிலேயே பிடித்து இறக்குகிற உங்கள் பழைய ஜீப்தான் ஒசத்தி.

இறங்குவதற்கு முன், மேட்டு உச்சியில் நின்றபோது கேட்டாள்: "தாத்தா இருந்தா இந்த மாதிரி வண்டியத் தொட்டே இருக்க மாட்டார் இல்ல? ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அதத்தான் பெருமையா சொல்லுவேன்."

நானும் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிவந்தேன். நடந்தது வேறு. நம் மகன் முதன்முதலாக ஆட்டோமேட்டிக் வாங்கிக் கோயில் வாசலில் பூஜை போட்டான். பேத்தி அன்று ஊரில் இல்லை. "நீங்களே எலுமிச்சம்பழத்து மேல ஏத்துங்கப்பா" என்று சாவியைக் கொடுத்தான். நகர்ந்ததும் உங்கள் இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடிற்று. அகப்பட்டது பிரேக். ஓங்கி மிதித்துவிட்டீர்கள். வண்டி குலுங்கி நின்றது. உங்கள் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடித்தது. முதலில் சிரித்தவள் நான். "இன்னாங்க, இத்தன வருஷம் வண்டி ஓட்டி இதானா?" என்றேன். அப்புறம்தான் எல்லாரும் சிரித்தார்கள்.

நீங்கள் மெதுவாக இறங்கினீர்கள். "ரோட்டுக்குச் சரி. மண்ணுக்கு இது ஆகாது" என்றீர்கள். அவ்வளவுதான். கிளட்சை அழுத்த இடது முழங்கால் விடவில்லை. அழுத்தத் தேவையில்லாத வண்டியை ஓட்ட என் சிரிப்பு விடவில்லை. கடைசி நாலு வருஷம் மர்பி டவுன் வீட்டு ஜன்னலோரம் நாற்காலியில் போயிற்று.

"தொட்டாரும்மா. நான் சிரிச்சுட்டேன்" என்றேன் பேத்தியிடம்.

என் பக்கம் திரும்பினாள். "அப்புறம் யாரும் திரும்ப ஓட்டச் சொல்லலியா?"

"சொல்லல."

சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. அந்தச் சிரிப்பை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். இனி அவளாவது உங்களை வீம்புக்காரர் என்று சொல்லமாட்டாள்.

அன்றைக்கு நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்ததைப் பெரிய பேரன் படம் எடுத்து அவளுக்கும் அனுப்பியிருக்கிறானாம். திறந்துகூடப் பார்க்காமல் அவளுடைய பழைய ஃபோனில் கிடக்குமாம். புனே போனதும் தேடிப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நான் சிரிப்பதற்கு முன்னால் எடுத்ததைப் பார்த்து அனுப்பு என்றேன்.