இரண்டு தேதி, ஒரே பெண்டாட்டி

12 ஜூலை 1978, புதன்

ஜெயித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் உழைத்ததற்கு எனக்குச் சேர வேண்டிய விதவை பென்ஷன், எட்டு மாத இழுபறிக்குப் பிறகு பிரான்சிலிருந்து வரப்போகிறது.

தப்பு என்னுடையதுதான். மனுவில் திருமணத் தேதி கேட்ட இடத்தில் தாலி கட்டிய நாளை எழுதிவிட்டேன். மேரி என்று பிரெஞ்சில் சொல்லும் நகராட்சி அலுவலகத்தின் பதிவேட்டிலோ தேதி மூன்று மாதம் தள்ளி இருந்தது.

"அப்ப அவருக்கு ரெண்டு பொண்டாட்டியாம்மா?" என்று பென்ஷன் குமாஸ்தா இன்றும் கேட்டார்.

கல்யாணப் பத்திரிகையைப் பதிவேட்டு நகலுக்குப் பக்கத்தில் விரித்தேன்.

"தாலி கட்டனது கோயில்ல. கையெழுத்துப் போட்டது மேரியில. ரெண்டுலயும் பொண்ணு நான்தான், படிச்சுப் பாருங்க!"

படித்தார். முத்திரை குத்தினார்.

இரண்டு பெண்டாட்டியாம்! ஒருத்திக்கே பதில் சொல்ல முடியாமல் தவித்த மனுஷன் என் வீட்டுக்காரர்.