கண்ணாடி போட்ட மடலில் இல்லாத வரி

1996 பிப். 12, திங்கள்

காலையில் லேசான பனி. பத்து மணிக்கே வெயில். வெள்ளிக்கிழமை மில்லுக்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வருகிறார். முன்பு அங்கே மந்திரி. இப்போது நூற்பு இயந்திரக் கம்பெனி ஒன்றில் இயக்குநர். வரவேற்பு மடல் எழுதுவதும், அவர் பேச்சைத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு.

அவர் அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பு ஒரே பக்கம். பள்ளி ஆசிரியர். நகரசபை. எம்.பி. மந்திரி. தேர்தலில் தோல்வி. பிறகு கம்பெனி. ஒரே ஆளுக்கு எத்தனை கதவுகள். எனக்கு: வீடு, பஸ், மில், பஸ், வீடு.

மைசூர்க் கடிதம் இன்னும் கைப்பையில்தான். மொழிபெயர்ப்பாளர் வேலை. என் சம்மதம் 20-க்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அப்பாவிடம் மறுபடி கேட்டேன். அவர் இதே மில்லில் சூப்பர்வைசர்.

"மொதலாளி விசேசம் முடியட்டும் கண்ணு. அவரு அக்கா மகனுக்கு உன்னையக் கேக்கறாங்க. இப்பப் போயி மைசூரு கிய்சூருன்னு..."

முடிக்கவில்லை. டிவியைப் போட்டார்.

பிப். 14, புதன்

ஆர்.எஸ்.புரத்தில் பொன்னாடை. அச்சகம். ஃபிரேம் கடை. சேஃப்டி பின் மறந்துவிட்டேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்பே, மடலில் 'தேர்தலில் தோற்ற பின்' என்ற வரி மீது முதலாளி சிவப்புக் கோடு இழுத்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, தோத்ததையெல்லாமா கண்ணாடி போட்டு மாட்டுவாங்க?"

"உண்மைதானுங்களே?"

"உண்மைய அவரு வெச்சுக்கட்டும். நாம மரியாதைய வெச்சுக்குவோம்."

சிரித்துவிட்டேன். பிறகு என் மீதே எரிச்சல்.

பிப். 16, வெள்ளி

விழா. பந்தலுக்குள் புழுக்கம். முன்வரிசையில் முதலாளியின் அக்கா. என்னை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மடலின் ஆங்கிலப் பிரதியைப் படித்துவிட்டு விருந்தாளி மைக்கில் சொன்னது இது: "இதில் என் வாழ்வின் மிக நல்ல நாள் விட்டுப்போயிருக்கிறது. நான் தோற்ற நாள். மறுநாள் காலை, நான் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல ஒருவருமில்லை."

நிறுத்தி, என்னைப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் முதலாளி, மெல்ல: "அத உட்டுருங்க அம்மணி."

நான் சொன்னேன்: "என் வாழ்வின் மிக நல்ல நாள், உங்கள் ஊருக்கு வந்த இந்த நாள்."

கைதட்டல். விசில்கூட. தன் தோல்விக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தார் போலும். அவர் கண் கலங்கியது. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னதற்கு நன்றி என்றார்.

பிப். 17, சனி

தலைவலி. இன்று போட்டால்தான் 20-க்குள் மைசூருக்குச் சேரும். மூன்று மணிக்குத் தபால் எடுப்பார்கள். சம்மதக் கடிதம் எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டியாயிற்று.

இரண்டு மணிக்கு அப்பா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடைல நடந்தத மொதலாளி சொன்னாராம், அவரு அக்காவுக்கு உன்னைய ரொம்பப் புடிச்சுப்போச்சு கண்ணு. 'எதச் சொல்லோணும், எத உடோணும்னு தெரிஞ்ச புள்ளை'ன்னு சொல்லிப்போட்டாங்களாம். நாளைக்குப் பாக்க வாராங்க."

கடிதம் கையில்தான் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

"என்ன கண்ணு?"

"காப்பி வெக்கட்டுங்களாப்பா?"

இப்போது மணி மூன்றரை.