கைதான் வேணுமாம்

செவ்வாய், கார்த்திகை 9

டாக்டர் கம்ப்யூட்டர்ல ஸ்கேனைக் காட்டினார். எங்க வூட்டுக்காரர் மூளைக்குள்ள நரம்புங்க கலர் கலரா ஓடுது, ஒரகடம் கார் கம்பெனியில இவர் காருக்குக் கட்டுற ஒயர் மாதிரியே. நீலம் கைக்குப் போற பாதையாம். பச்சை பேச்சுக்காம். நடுவுல கட்டி.

"எடுக்கும்போது ஏதாவது ஒண்ணு அடிபடலாம். உங்களுக்கு எது முக்கியம்?"னு கேட்டார்.

பக்கத்துல உக்காந்திருந்த என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல இவர். "கைதான் சார். பேச்சு போனா போவுது. கம்பெனி லைன்ல எவன் பேசிக்கினு வேலை செய்றான்?"

பதினோரு வருஷமா, செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற மனுஷனோட நாலு வார்த்தை பேசத்தானே முழிச்சிக்கினு கிடந்தேன்.

இப்போ ராத்திரி, வூட்டுக்குள்ள படுத்துக்கினு, "இன்னா, தூங்கலையா?"ன்னு மூணு தபா கேட்டுட்டார். நான் வாயே தொறக்கல. கைதான் வேணும்னாரே, வந்து தட்டிக் கூப்பிடட்டும்.