கீழே இருந்த பெட்டி

தேஹு ரோடு

அன்பு மகள் தீபாவுக்கு,

அப்பா எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் கைக்குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய், அதனால் தபாலில் எழுதுகிறேன்.

அம்மாவின் சமையல் பக்கங்கள் இருக்கும் இணையதளத்தை மாதக் கடைசியில் மூடுகிறார்கள், எனக்குப் பிரசவ நேரம், நீங்களே சேமித்து வையுங்கள் என்று சொன்னது நீதான். ராணுவ டிப்போவில் கிடங்கு பார்த்தவன் நான், கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கடன் விளம்பரம், செருப்பு விளம்பரம், மீன் குழம்பின் மேல் ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றாக நீக்கப் பழகி, நீக்கிய பிறகே சேமித்தேன். அறுபத்து மூன்று பக்கம், பதினோரு நாள். அங்கிள், வீட்டைப் பெருக்காம நெட்டைப் பெருக்குறீங்களே என்று மாடி வீட்டு ரீனா சிரித்தாள், சிரிக்கட்டும்.

கீழே வாசகர் கேள்விகள் என்று நீளமாக ஒரு பெட்டி. எங்கே பார்த்தாலும் அம்மு என்று ஒருத்தி, குழம்பு நீர்த்துப் போச்சு ஆன்ட்டி, இட்லி கல்லாப் போச்சு ஆன்ட்டி என்று. வேலையற்றவள் என்று நினைத்து, மேற்கொண்டு படிக்காமல் பெட்டியோடு நீக்கினேன். அந்த அம்மு நீதான் என்றும், ராகவேந்திராவை நீ கட்டிக்கொண்டதால் உன் போனே இந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று நான் வைத்திருந்த இரண்டு வருடமும் நீங்கள் இருவரும் அங்கேதான் பேசினீர்கள் என்றும் தளம் மூடிய பிறகு சொல்கிறாய். அம்மா எனக்குச் சொன்னதை எல்லாம் அழிச்சிட்டீங்களேப்பா என்கிறாய். முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவளாவது சொல்லியிருக்க வேண்டும், எனக்கு எதிரே உட்கார்ந்துதானே போனில் தட்டிக்கொண்டிருந்தாள். என் வேலையை நான் சுத்தமாகத்தான் செய்தேன், மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

நீக்கப் பழகுவதற்கு முன் சேமித்த பக்கம் ஒன்று, குப்பை என்று ஒதுக்கியது, நேற்று அகப்பட்டது. அவள் கடைசியாக எழுதிய பக்கம். பிரிண்ட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே அந்தப் பெட்டியில், அம்மு, வாந்தி நிற்கும்வரை புளி சேர்க்காதே என்று எழுதியிருக்கிறாள். நீ உண்டாகியிருந்தது எனக்கு அவளை அடக்கம் செய்த பிறகுதான் தெரியும். அடுத்த வரி அப்பா என்று தொடங்குகிறது, அதற்கு மேல் செருப்பு விளம்பரம் உட்கார்ந்திருக்கிறது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன், அகலவில்லை.

குழந்தையின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை போடு. மாப்பிள்ளைக்கும் என் ஆசீர். மறக்காமல், அந்த வரி நினைவிருந்தால் எழுதி அனுப்பு. எனக்குப் பிடிக்காது என்று எதையும் எடுத்துவிடாதே.

உன் அப்பா,
சவரிமுத்து