வெறும் ஓடு

செவ்வாய், மார்ச் 4

இன்று சுங்கை செம்பிலாங் கடலில் சிப்பிப் படுகை தேடி சோனார் ஓட்டினோம். சேறு ஒலியை விழுங்கிவிடும். கெட்டியான தரை திருப்பி அனுப்பும். ஓரிடத்தில் எதிரொலி பலமாக வந்ததுமே, உயிருள்ள கெராங் சிப்பிப் படுகை என்று வரைபடத்தில் குறித்துவிட்டேன். எனக்கு என்ன அவசரமோ. படகோட்டி மரியதாஸ் அண்ணன் வாளியை இறக்கி அடிமண்ணை அள்ளிப் பார்த்தார்.

"எல்லாம் வெறும் ஓடு லா, தங்கச்சி."

புக்கிட் ரோத்தானில் நாங்கள் இருந்த தோட்ட லயத்து வாசல் சேற்றில், அப்பா கெராங் ஓடுகளைக் கொட்டி வைத்திருந்தார். வேலை முடிந்து வரும் அவர் சைக்கிள் அதன்மேல் ஏறினால் நொறுநொறுவென்று கேட்கும். உடனே அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைக்கும். அப்பா தவறிய பிறகும், அந்த ஓட்டை யார் மிதித்தாலும் அம்மா அடுப்படிக்கு எழுந்து போய்விடும்.

வரைபடத்தை இன்னும் திருத்தவில்லை.